பேசிக்கொண்டே ஓடுகிறவள்

இந்த ஊரில் ஓடும்போது பேச வேண்டும் என்கிறார்கள். சும்மா ம், ஆமா என்று இல்லை. முழு வாக்கியமாக, நடுவில் மூச்சு அறுந்துவிடாமல் பேச வேண்டுமாம். பேச முடிந்தால் அதுதான் சரியான வேகம். வார்த்தை பாதியில் நின்றால் அளவுக்கு மீறி ஓடுகிறாய் என்று அர்த்தம், வேகத்தைக் குறைத்துக்கொள். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக முடிக்கிற ட்ரையத்லான் போட்டிக்கு எங்களைத் தயார் செய்கிற கோச் சொன்ன முதல் விதி இது. சீசன் தொடக்கத்தில் யாரும் வீராப்புக் காட்டக் கூடாது, முதல் சில மாதங்கள் மெதுவாக ஓடி அஸ்திவாரம் போட வேண்டும் என்றார். வருஷம் முழுக்க ஒரே வெயிலும் ஒரே மழையுமாக இருக்கிற கோலாலம்பூரில் சீசன் எங்கிருந்து தொடங்குகிறது என்று கேட்க நினைத்து, கேட்காமல் விட்டேன். எங்கள் கோபிசெட்டிப்பாளையத்தில் ஓடுகிறவன் பேச மாட்டான். பஸ்ஸைப் பிடிக்க ஓடுவான், இல்லையென்றால் நாய் துரத்தி ஓடுவான். இரண்டிலும் பேச்சுக்கு இடமில்லை. பேசுகிறவர்கள் எங்காவது உட்கார்ந்திருப்பார்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸில் நாங்கள் இருக்கிற அடுக்குமாடியின் ஆறாவது தளத்தில் ஒரு உடற்பயிற்சிக் கூடம் இருக்கிறது. சுவர் முழுக்கக் கண்ணாடி, கீழே தண்டவாளங்கள். சாயங்காலம் மழை கொட்டும், சில மாதங்களில் புகைமூட்டம் வந்து கண்ணைக் கரிக்கும், அதனால் ஓட்டமெல்லாம் ட்ரெட்மில்லில்தான். மொத்தம் மூன்று ட்ரெட்மில்கள். ஒன்றின்மேல் பழுது என்பதற்கான மலாய்ச் சொல்லை, 'ரோசாக்' என்று, தாளில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். நாங்கள் குடிவந்த நாளிலிருந்து அந்தத் தாள் மட்டும்தான் புதிது புதிதாக மாறுகிறது. மிச்சம் இரண்டு. காலையில் அவற்றில் ஒன்றில் என் மனைவி கவிதா ஓடுவாள். இன்னொன்றில் பக்கத்து பிளாக்கில் இருக்கும் எஸ்தர் அக்கா. கிள்ளானில் பிறந்து வளர்ந்தவர், பங்சாரில் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை, வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும், இந்த மாதிரிப் போட்டிகளில் பல முறை ஓடியவர். நான் அவர்களுக்குப் பின்னால் நகராத சைக்கிளில் உட்கார்ந்து மிதித்தபடி என் முறைக்குக் காத்திருப்பேன். அங்கிருந்து எனக்குத் தெரிவதெல்லாம் இரண்டு முதுகுகள், இரண்டு பின்னல்கள், இரண்டு திரைகளிலும் ஒளிரும் வேகம். காதில் விழுவது அவர்களுடைய சிரிப்பு. என்ன பேசுகிறார்கள் என்பது பெல்ட் சத்தத்தில் அமுங்கிவிடும். ஆனால் இடைவிடாமல் பேசுகிறார்கள்.

எனக்குப் பொறாமை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதலில் ஓட ஆரம்பித்தவன் நான். கவிதாவுக்கு முதல் ஷூ வாங்கிக் கொடுத்தவன் நான். பெல்ட் ஓடத் தொடங்கும்முன் இரண்டு ஓரத்திலும் காலை வைத்து நிற்க வேண்டும், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தொங்கக் கூடாது என்றெல்லாம் கற்றுக் கொடுத்தவனும் நான்தான். கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் கவிதா லிஃப்டில் யாராவது ஏறினால் என் பின்னால் ஒதுங்கி நிற்பாள். பாசாரில் முருங்கைக்காய் எந்தக் கடையில் கிடைக்கும், ரயிலுக்கு அட்டையை எங்கே தொட வேண்டும், பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா சிரித்தால் என்ன சொல்ல வேண்டும், எல்லாவற்றுக்கும் என்னைத்தான் பார்ப்பாள். சாயங்காலம் நான் வந்து கதவைத் திறந்தால் அன்றைக்கு முழுதும் சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் செருப்பைக் கழற்றும் முன்பே கொட்டிவிடுவாள். எனக்கு அலுப்பாகக்கூட இருந்திருக்கிறது. இப்போது நான் வரும்போது அவள் போனில் இருக்கிறாள். யாரோ ஒரு ஆன்டிக்குக் கறிவேப்பிலைச் செடி வேண்டுமாம். என்னைப் பார்த்து, "பசியாறியாச்சாங்க?" என்கிறாள். பதினோரு வருஷமாக இங்கே இருக்கிற என் வாயில் ஒரு நாளும் வராத இந்த ஊர் வார்த்தை அது. பூக்கடைக்காரர் அவளை, "என்ன தங்கச்சி, ரெண்டு நாளா காணோம்" என்று விசாரிக்கிறார். என்னை இன்னும், "அண்ணே இந்தியாவா?" என்றுதான் கேட்கிறார். ஒவ்வொரு வாரமும் கேட்கிறார்.

இதெல்லாம் சிரித்துக்கொண்டு போகிற விஷயம்தான், அந்த மின்னஞ்சல் வராமல் இருந்திருந்தால். அலுவலகத்தில் என்னைக் கோயம்புத்தூர் கிளைக்கு மாற்றத் தயார் என்றார்கள். இந்த மாதக் கடைசிக்குள் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்ல வேண்டும். இரண்டே வருஷம், போதும், திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் கவிதாவை அழைத்துவந்தேன். அந்த இரண்டு வருஷத்தை நான் எத்தனை முறை புதுப்பித்தேன் என்று எனக்கே தெரியாது. இப்போது வழி திறந்திருக்கிறது. கோபியில் எங்கள் வீட்டிலேயே இருந்துகொண்டு பஸ்ஸில் கோயம்புத்தூர் போய்வரலாம். அவளிடம் சொன்னபோது கவிதா, "அப்படியா" என்றாள். கேரட்டை எடுத்து நறுக்க ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. வர மாட்டேன் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம். அவளை இந்த ஊர் எடுத்துக்கொண்டுவிட்டது, என்னை எடுத்துக்கொள்ளவில்லை என்று தினமும் அந்தச் சைக்கிளில் உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தேன்.

எஸ்தர் அக்கா இறங்கி வேலைக்குக் கிளம்பியதும் என் முறை வரும். கவிதாவும் மேலே போய்விடுவாள். தனியாக ஓடுகிறவன் யாரிடம் பேசுவது? விதி விதிதான் என்று, வாய்ப்பாட்டை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு ஓடினேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் பிரம்பை நீட்டிச் சொல்ல வைத்த பதினாறாம் வாய்ப்பாடு. ஒவ்வொரு வரியாக அது நன்றாகத்தான் வந்தது. பக்கத்து ட்ரெட்மில்லில் நடந்துகொண்டிருந்த சீனப் பெரியவர் என்னைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்தார். "யூ பிரேயிங் ஆ? சாரி, சாரி" என்றார். நான் இல்லை என்று கையை ஆட்டினேன். மூச்சு வாங்கியதால் வார்த்தை வரவில்லை. அவர் அதை ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டாரோ என்னவோ, தலையைக் குனிந்து வணங்கிவிட்டு மெல்ல இறங்கிப் போனார். அன்றிலிருந்து நான் ஏறினாலே அவர் டிவியை அணைத்துவிடுகிறார்.

வாரக் கடைசியில் கோச் எங்கள் கடிகாரங்களில் பதிவான இதயத் துடிப்பைப் பார்ப்பார். சுங்கை வேயில் வளர்ந்தவர், வயதில் என்னைவிடச் சின்னவர், உலகத்தில் எல்லாரையும் பாஸ் என்றுதான் கூப்பிடுவார். கவிதாவுடைய கோடு திரையில் ஏரித் தண்ணீர் மாதிரி சமமாகக் கிடந்தது. என்னுடையது ஏறி ஏறி உச்சியில் நின்றது.

"பாஸ், நீங்க ட்ரெயினிங் பண்ணல. ரேஸ் பண்றீங்க. யாரோட ரேஸ் பண்றீங்க?"

எனக்கு முன் ஓடிய கவிதாவின் திரையில் நின்ற எண்ணைவிட ஒரு புள்ளி கூடுதலாக என் வேகத்தை வைத்துக்கொள்வது என் வழக்கம் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

"யாரு கூடயாச்சும் பேசிக்கிட்டு ஓடுங்க லா. ஃபோன்லயாச்சும் பேசுங்க" என்றார்.

அந்த யோசனை பிடித்திருந்தது. காலையில் முடியாது, இங்கே விடிகிற நேரம் அங்கே எல்லாரும் நல்ல தூக்கத்தில் இருப்பார்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு ட்ரெட்மில்லில் ஏறிக் கோபியில் இருக்கும் என் அக்காவை அழைத்தேன். அக்கா பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறாள். அங்கே அப்போது மத்தியான வெயில் தணிந்து, பள்ளிக்கூடம் விடுகிற நேரம்.

"ஏன்டா கண்ணு, இப்படி மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குது? எங்கடா இருக்க?"

"ஓடிக்கிட்டு இருக்கேன்கா."

"ஐயையோ. எதுக்கு? யாரு துரத்தறாங்க?"

விளக்கினேன். விளக்க விளக்க எனக்கு இன்னும் இரைத்தது. அவள் நம்பவில்லை. நான் போனை வைத்த மறு நிமிஷம் கவிதாவை அழைத்து, அவனுக்கு நெஞ்சில் ஏதோ கோளாறு, ஓடுவதாகப் பொய் சொல்கிறான், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ என்று அழுதிருக்கிறாள். ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. அந்த வாரம் தினமும் அக்காவிடம் பேசிக்கொண்டே ஓடினேன். வேகத்தை மாற்றவே இல்லை. ஆனால் கடையில் துணி குவிந்து கிடக்கிறது, ஷட்டர் சிக்கிக்கொள்கிறது என்று அவள் பேசும்வரை சாதுவாக இருக்கிற இதயத் துடிப்பு, "இங்க எல்லாம் நல்லா இருக்கோம்கா" என்று நான் சொல்ல ஆரம்பித்ததும் ஏறும். "எப்பத்தான்டா வருவீங்க?" என்று அவள் கேட்டதும் இன்னும் ஏறும். கால் அதே வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. கவிதாவுக்கு இந்த ஊர்க்காரரிடம் பேசினால் துடிப்பு அடங்குகிறது. எனக்கு என் சொந்த அக்காவிடம் பேசினால் எகிறுகிறது. இதைப் பார்த்தபிறகு வந்த பொறாமையில் இரண்டு நாள் நான் கவிதாவிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள், "என்னங்க, உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டு மிளகு ரசம் வைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஷா ஆலாம் ஏரியைச் சுற்றி எல்லாரும் சேர்ந்து ஓடுவதாக ஏற்பாடு. ட்ரெட்மில்லில் வேகத்தை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். வெளியே நாம்தான் பிடித்துவைக்க வேண்டும், அதுதான் பயிற்சி என்றார் கோச். நான் பிடித்துவைக்கவில்லை. விசில் ஊதியதும் கவிதாவைத் தாண்டி, எஸ்தர் அக்காவைத் தாண்டி, யாரென்றே தெரியாத பையன்களையும் தாண்டிப் பறந்தேன். முதல் சுற்று முடிவதற்குள் விலாவில் சுருக்கென்று பிடித்தது. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஓரமாக நடந்துகொண்டிருந்தபோது பின்னாலிருந்து அந்தச் சிரிப்பு கேட்டது. இரண்டு பேரும் பேசிக்கொண்டே வந்தார்கள், பேசிக்கொண்டே என்னைத் தாண்டினார்கள். "பெலான் பெலான், மெதுவா வாங்க தம்பி, யாரும் தொரத்தல" என்று எஸ்தர் அக்கா என் முதுகில் தட்டிவிட்டுப் போனார். என் அக்கா கேட்ட அதே கேள்விக்கு இவர் பதில் சொல்லிவிட்டுப் போகிறாரே என்று எரிச்சலாக வந்தது. கவிதா திரும்பிப் பார்த்தாள். நான் ஷூ கயிற்றைக் கட்டுவதாகப் பாவனை செய்தேன்.

ஓட்டம் முடிந்ததும் எஸ்தர் அக்கா எங்களைக் கிள்ளானில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்கு அழைத்துப்போனார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போய்விட்டு குடும்பம் முழுதும் அங்கே கூடிப் பசியாறுவது அவர்கள் வழக்கம். தோசையும் நெத்திலிச் சம்பலும் மேசையில் இருந்தன. கவிதா நேராகச் சமையலறைக்குப் போய், எந்த அலமாரியில் தட்டு இருக்கிறது என்று தெரிந்தவளாக எடுத்துவந்தாள். எஸ்தர் அக்காவின் கணவர் டேவிட் அண்ணனை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ரயில்வேயில் வேலை பார்க்கிறவர். என் தட்டில் சம்பலை வைத்தபடி கேட்டார்.

"உங்க அக்கா கடை ஷட்டரு இப்ப நேரா எறங்குதா தம்பி?"

நான் தோசையைப் பிய்த்த கையோடு அவரைப் பார்த்தேன்.

"அதான் லா, கோபி பஸ் ஸ்டாண்டு கிட்ட. பாதில சிக்கிக்கிட்டா தேங்கா பன்னு கடைக்காரரு வந்து ஓங்கி ஒரு உதை விடுவாராமே. அவரு வெளியூரு போயிட்டா கடைய பூட்டவே முடியாதாம்."

மேசையைச் சுற்றி எல்லாரும் சிரித்தார்கள். அந்தக் கதை அங்கே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எஸ்தர் அக்கா சொன்னார். "நான் இந்தியா பக்கமே போனதில்ல தம்பி. ஆனா கோபில எறக்கி விட்டா உங்க வீட்டுக்கு நானே நடந்து போயிடுவேன். காலைல ஒரு மணி நேரம் இவ எனக்கு அதானே சொல்றா. நீங்க மாவட்ட ஓட்டப் பந்தயத்துல செருப்பு அறுந்து நடந்தே வந்தது வரைக்கும் தெரியும்."

பல மாதங்களாக நான் அந்த முதுகுகளுக்குப் பின்னால் உட்கார்ந்து, இவள் இந்த ஊரோடு கலந்துபோய்க்கொண்டிருக்கிறாள் என்று வெந்துகொண்டிருந்தேன். அவள் பேசியதெல்லாம் கோபி. எங்கள் தெரு, என் அக்கா, நான். பொறாமை அத்தோடு போயிருக்க வேண்டும். போகவில்லை; இடம் மாறி உட்கார்ந்துகொண்டது. என் ஊரைப் பற்றி என் மனைவி இவ்வளவு பேசியிருக்கிறாள், என்னிடம் மட்டும் பேசவில்லை. இந்த எஸ்தர் அக்காவுக்குத் தெரியாதது ஏதாவது பாக்கி இருக்கிறதா? கை கழுவுகிற இடத்தில் மெல்லக் கேட்டுவிட்டேன்.

"கோயம்புத்தூர் போறதப் பத்தி ஏதாவது சொன்னாளாக்கா?"

எஸ்தர் அக்கா குழாயை மூடினார். "சொன்னா. அத நான் உங்களுக்குச் சொல்லக் கூடாது லா. அவகிட்டயே கேளுங்க."

மறுநாள் சாயங்காலம் மழை. கூடத்தில் வேறு யாரும் இல்லை. சீனப் பெரியவர் என்னைப் பார்த்ததும் டிவியை அணைத்துவிட்டு, எனக்காக ஒரு சிரிப்பும் சிரித்துவிட்டுப் போய்விட்டார். நல்ல ட்ரெட்மில்கள் இரண்டும் காலியாக இருந்தன. கவிதாவும் நானும் பக்கத்துப் பக்கத்தில் ஓடி ரொம்ப நாளாகிவிட்டிருந்தது. அவளுடைய திரையில் இருந்த எண்ணையே என் திரையிலும் வைத்தேன். புள்ளி கூட்டவில்லை.

"கோயம்புத்தூருக்கு என்ன பதில் சொல்லட்டும்?" என்று கேட்டேன்.

"ஓடிக்கிட்டே கேக்கறீங்களா?"

"உக்காந்து கேட்டா நீ கேரட் நறுக்கப் போயிடற."

அவள் சிரித்தாள். கொஞ்ச தூரம் ஓடிவிட்டுச் சொன்னாள். "வர மாட்டேன்னு நான் சொல்லவே இல்லீங்க. போலாம். ஆனா அங்க போயி நான் எங்க ஓடறது? காலையில இந்த பேண்ட்டப் போட்டுக்கிட்டு சத்தி ரோட்டுல ஓடுனா, அண்ணி கடைக்கு வர்றவங்க எல்லாம் உங்க தம்பி சம்சாரத்துக்கு என்ன ஆச்சுன்னு கேப்பாங்க. எனக்குக் காலுன்னு ஒன்னு இருக்கறதே இங்க வந்துதாங்க தெரிஞ்சுது."

இதை நான் நினைத்தே பார்த்ததில்லை. பொறாமைப்படுகிறவனுக்கு எதிராளி கையில் இருப்பது மட்டும்தான் தெரியும், அது பறிபோனால் என்ன ஆகும் என்று தோன்றுவதில்லை.

"நான் கூட ஓடறேன்" என்றேன்.

"நீங்க பேச மாட்டீங்களே."

குறை சொல்கிற குரலில்லை. வெளியே மழை பெய்கிறது என்பதுபோலச் சொன்னாள். "நான் கோபியப் பத்தி ஆரம்பிச்சாலே, எப்போ போறது, இன்னும் எத்தன நாளுன்னு நீங்க கணக்குல எறங்கிடுவீங்க. எனக்குச் சும்மா பேசணும்ங்க, அவ்வளவுதான். எஸ்தர் அக்கா கேட்டுக்கிட்டே ஓடுவாங்க."

பேசுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. "அந்தத் தேங்கா பன்னு கடைக்காரரு ஷட்டர எந்தக் கால்ல உதைப்பாரு?" என்று கேட்டேன். கவிதா என்னைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு மூச்சு வாங்காமல் சொல்ல ஆரம்பித்தாள். இடது காலாம். ஒரு தடவை செருப்பு தெறித்து உள்ளே விழுந்து, ஷட்டரும் இறங்கிப் பூட்டிக்கொண்டு, மனுஷன் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்குப் போனாராம். நான் என் ஊரை அந்த ஆறாவது மாடியில் அவள் வாயால் கேட்டுக்கொண்டு ஓடினேன். முழு வாக்கியமாக இரண்டு மூன்று கேள்விகள்கூடக் கேட்டேன். நடுவில் திக்கவில்லை.

அப்போது போன் அடித்தது. அக்காதான். இரண்டு ட்ரெட்மில்லுக்கும் நடுவில் இருந்த ஜன்னல் திட்டில் போனை நிறுத்தி ஒலிபெருக்கியில் போட்டேன்.

"ரெண்டு பேரும் ஓடறீங்களா? நல்லா ஓடுங்க" என்றாள் அக்கா. பின்னால் தையல் மெஷின் சத்தம் கேட்டது, அது நின்றது. "அதென்னமோ மாத்தல் தர்றாங்கன்னியேடா. எப்பத்தான் வர்றீங்க?"

நான் கவிதா சொல்வாள் என்று இருந்தேன். அவள் நான் சொல்வேன் என்று இருந்தாள். பெல்ட்டுகள் மட்டும் ஓடின. கீழே கே.எல். சென்ட்ரல் நிலையத்தை நோக்கி ஒரு ரயில் விளக்குகளோடு மெதுவாகப் போனது. என் கடிகாரத்தில் எண் ஏறத் தொடங்கியது. அது எனக்குப் பழக்கம்தான். பழக்கதோஷத்தில் அவளுடைய மணிக்கட்டையும் பார்த்தேன். ஏரித் தண்ணீர் மாதிரி கிடக்கிற அந்த எண்ணும் ஏறிக்கொண்டிருந்தது. அவள் வேகத்தைத் தொடவில்லை. என்னுடையதைப் போலவே, படிப்படியாக, என்னுடையதைத் தாண்டியும் ஏறியது.

"அண்ணி, நாங்க..." என்று ஆரம்பித்தாள் கவிதா. வாக்கியம் பாதியில் நின்றுவிட்டது.

"ஹலோ? கேக்குதா?" என்றாள் அக்கா.

நான் கையை நீட்டி கவிதாவின் வேகத்தை ஒரு புள்ளி குறைத்தேன். பிறகு என்னுடையதையும் குறைத்தேன்.